கப்பல் விருந்துக்குப் பிள்ளைகளை உடுத்தியவள்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இத்தனை வருஷமாக ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற ஒரே ஒரு பிரேக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறேன். ஸ்டீயரிங் என் கையில் இல்லை. வீட்டிலும் அதே நிலைமைதான். அங்கே பிரேக்கும் கிடையாது. என் மனைவி முடிவெடுப்பாள், நான் தலையாட்டுவேன். ஆகவே இந்தக் கதையில் நான் பெரிதாக எதையும் சாதிக்கப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சொல்லப்போவது என் மைத்துனனின் மனைவியைப் பற்றி. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஷோகேஸ் பொம்மைகளுக்கு உடை உடுத்துவது அவள் வேலை. கடையில் அவளுக்குப் பொம்மைக்காரி என்றே பெயர். துணி மடித்து வைக்கிற பெண்ணாகத்தான் சேர்ந்தாள். ஒருநாள், பொம்மைகளை உடுத்துகிற ஆள் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு பாதி வேலையில் கிளம்பிவிட்டான். ஷோகேஸில் ஐந்து பொம்மைகள் அம்மணமாக நிற்கின்றன. மேனேஜர் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினாள். செய்தித்தாளைக் கிழித்தபோது வெளியே ஒரு சின்னக் கூட்டமே நின்றுவிட்டதாம். அன்றிலிருந்து அந்த ஷோகேஸ் இவளுடைய ராஜ்ஜியம்.

அந்த வேலையின் ரகசியத்தை அவளே ஒருமுறை எனக்குச் சொன்னாள். பொம்மை ஓர் அளவில் வரும், துணி ஓர் அளவில் வரும். இரண்டுக்கும் ஜென்மத்தில் ஒத்துப்போகாது. தைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது? தொளதொளவென்று இருப்பதையெல்லாம் முதுகுப் பக்கம் இழுத்துச் சேர்த்துக் குண்டூசி குத்திவிட வேண்டியதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் முதுகைப் பார்க்கப்போவதில்லை.

"எங்க பொம்மைங்க எல்லாம் முன்னாடி மகாராணி, பின்னாடி முள்ளம்பன்றி அண்ணா" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு என்றால் வாய் திறந்த சிரிப்பு இல்லை. வேலை செய்யும்போது குண்டூசிகளை உதட்டுக்கு நடுவே கடித்துக்கொண்டே இருந்து பழகியதால், ஊசி இல்லாதபோதும் அவள் வாய் இறுக மூடித்தான் இருக்கும். யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் 'ம்ம்'. என் மனைவிக்கு இது ஒன்று போதாதா? பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"திமிரு. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு நெனப்பு."

என் மைத்துனன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அவனுடைய முதல் மனைவி, சின்னவன் பிறந்த சில மாதங்களிலேயே நோயில் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். கைக்குழந்தையையும் மூன்று வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? என் மனைவி அன்றைக்கே இரண்டையும் வாரிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த இரண்டுக்காக அன்றோடு எங்கள் வீட்டுச் சமையலில் காரம் நின்றுபோயிற்று. அவள் அந்த இரண்டையும் வளர்த்த அழகை நான் சொன்னால், பெண்டாட்டி தாசன் என்பீர்கள். பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகிறேன்.

பெரியவளுக்கு இப்போது ஆறு வயது. நாங்கள் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். குளிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால், அந்தக் காரணம் நேற்று ஏன் செல்லுபடியாகவில்லை என்று கேட்பாள். சின்னவனுக்கு மூன்றரை. உருண்டு திரண்டு இருப்பதால் உருளை.

மைத்துனனுக்கு மறுமணம் ஆகி எட்டு மாதமாகியும் பிள்ளைகள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். பரீட்சை முடியட்டும், சளி தீரட்டும், மழை விடட்டும் என்று என் மனைவி நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அப்பா வீட்டுக்குப் போய்வருவார்கள். "அங்க என்னடி செஞ்சீங்க?" என்று கேட்டால், ஊர்க்கதையெல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிற வக்கீல், "சும்மா இருந்தோம்" என்பாள். அதோடு சரி.

இந்த நேரத்தில்தான் கப்பல் வந்தது. சிறந்த ஷோகேஸ் என்று பொம்மைக்காரியின் வேலைக்குக் கடை முதலாளி கொடுத்த பரிசு: நாலு நாள் உல்லாசக் கப்பல் பயணம், இரண்டு பேருக்கு. புது ஜோடி, ஜாலியாகப் போய்விட்டு வந்திருக்கலாம். அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். என் மனைவிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "பிள்ளைங்க போனா நானும் வருவேன்" என்றாள். அவள் போனால் நான் போகாமல் இருக்க முடியுமா? எங்களுக்கும் ஓர் அறை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

முதல் நாள் மேல்தட்டில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி தன் தம்பியிடம் கறாராகப் பேசிவிட்டாள்.

"இந்த நாலு நாளும் அவளே பார்த்துக்கட்டும்டா. குளிப்பாட்டுறது, துணி போடுறது, சாப்பிட வைக்கிறது எல்லாம். நான் கிட்டக்கூட வரமாட்டேன். ஒழுங்கா பார்த்துக்கிட்டா இப்படியே உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரிக்கா" என்றான் அவன். வேறென்ன சொல்வான்? எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் பக்கத்து இருக்கைக்காரர்கள்தான். வக்கீல் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, முழங்கை வரை வழிகிற ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு சாதாரண விருந்துதான். ஆனாலும் பொம்மைக்காரிக்கு விழி பிதுங்கிவிட்டது. பொம்மை என்றால் கையைக் கழற்றி, சட்டையை நுழைத்து, கையைத் திரும்ப மாட்டிவிடலாம். உருளையின் கையைக் கழற்ற முடியுமா? வலது கையை நுழைப்பதற்குள் இடது கையை வெளியே எடுத்துவிடுவான். சாப்பாட்டு நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே இருவரையும் உடுத்தி நிறுத்தியது இன்னொரு தப்பு. தலைவாரிக்கொள்ள அவள் திரும்பிய நேரத்தில், உருளை குளியலறைக்குள் போய்ச் சட்டை, ஷூ சகிதம் ஷவரைத் திறந்துவிட்டான். அவர்கள் மேஜைக்கு வந்தபோது சூப் ஆறிவிட்டிருந்தது. அவன் தூங்கும்போது போடுகிற பனியனோடு வந்திருந்தான். வக்கீலின் ஒரு காலில் வெள்ளை சாக்ஸ், இன்னொன்றில் மஞ்சள். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த திருப்தி இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள்தான் பெரிய சோதனை. அன்றைக்கு ஃபார்மல் நைட். கப்பலில் எல்லாரும் கோட்டும் சூட்டும் பட்டும் பளபளப்புமாக வரவேண்டிய விருந்து. கேப்டன் வந்து கைகொடுப்பார், போட்டோ எடுப்பார்கள். பொம்மைக்காரி இதற்காகவே ஊரில் தன் கடையிலிருந்து வக்கீலுக்குக் கரும்பச்சை வெல்வெட் கவுன் ஒன்றும், உருளைக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட்டும் எடுத்து வந்திருந்தாள். கடைசி நேரத்தில் காட்டி அசத்த வேண்டும் என்று போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் பாடம் வீண்போகவில்லை. சாயங்காலமே இருவருக்கும் ஆளுக்கு இரண்டு பிரெட் துண்டு கொடுத்து வயிற்றைச் சாந்தப்படுத்தியிருக்கிறாள். அறையில் இஸ்திரிப் பெட்டி வைக்கக் கூடாது என்பது கப்பல் விதி. அதற்கென்ன, கவுனைக் குளியலறையில் தொங்கவிட்டு வெந்நீரைத் திறந்துவிட்டாள். ஆவியிலேயே சுருக்கமெல்லாம் போய்விட்டது. உருளையைக் கடைசியாக உடுத்துவது என்றும் முடிவு.

உருளையின் ஒரு ஷூ எங்கள் அறைக் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைக் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். பெட்டி வைக்கவே இடமில்லாத அறை. மேல் கட்டிலில் உருளை, நீச்சல் கண்ணாடி மட்டும் அணிந்து, மற்றபடி பிறந்த மேனியாகக் குதித்துக்கொண்டிருக்கிறான். மைத்துனன் தரையில் தவழ்ந்து, மகன் கழுத்தில் கட்ட வேண்டிய போ-டையைத் தேடுகிறான். நடுவில் ஒரு ஸ்டூல்மேல் வக்கீல் நிற்கிறாள். கவுன் அவள்மேல் கோணிப்பை மாதிரி தொங்குகிறது.

எனக்கே புரிந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை என்றால் ஆறு வயதுப் பொம்மையின் அளவு என்று எடுத்திருக்கிறாள். எங்கள் வக்கீலோ பேசிப் பேசியே இளைத்தவள்.

பொம்மைக்காரியின் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போயிற்று. ஊசிநூல் இல்லை. தேடிப்பிடித்துத் தைக்க நேரமும் இல்லை. ஆனால் அவள் கைப்பையில் குண்டூசிப் பெட்டி எப்போதும் உண்டு. அதைத் திறந்து ஒரு பிடி ஊசியை உதட்டில் கடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், ஷோகேஸுக்குள் ஏறிவிட்ட மாதிரி ஆகிவிட்டாள். முதுகுப் பக்கத் துணியை இழுத்தாள், மடித்தாள், குத்தினாள். கை போகிற வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. வக்கீலும் இமைகொட்டாமல் நின்றாள். கடைசியில் மேலே ஓர் அகல ரிப்பனைச் சுற்றிப் பின்னால் பூவாகக் கட்டினாள். ஸ்டூலிலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்தால் தைத்துப் போட்ட மாதிரி இருந்தது. நான் "சபாஷ்!" என்று சத்தமாகவே சொன்னேன்.

நீச்சல் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதற்கு உருளை கூரை இடிய அலறினான். "சரி, கண்ணுல வேணாம். நெத்தியில ஏத்தி விட்டுக்கோ" என்று அவனோடு சமரசம் செய்துகொண்டாள். பெரிய மனுஷன் மாதிரி சம்மதித்தான்.

விருந்து மண்டபத்து வாசலில் கேப்டன் கைகொடுத்தார். வக்கீலைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். பக்கத்து மேஜையில் இருந்த வயதான தம்பதி வாயைப் பிளந்தார்கள். என் மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடினாள். உருளையின் நெற்றியில் இருந்ததைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அதற்கும்கூட அந்த வயதான அம்மா, "விமானி போல இருக்கானே!" என்று சொல்லிவிட்டாள்.

உட்கார்ந்தோம். வக்கீல் நாற்காலியின் விளிம்பில், முதுகை எங்கும் சாய்க்காமல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர் என்ன வேண்டும் என்று கேட்டபோது, "எதுனாலும் சரி" என்றாள். கேரட்டைச் சாப்பிட்டாள். கேரட்டை! வீட்டில் அதற்காக அவள் நடத்தாத வழக்கே இல்லை. மீன் ஏன் கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறது என்று கேட்கவில்லை. கத்தியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று வாதாடவில்லை.

"பரவாயில்லையே" என்றாள் என் மனைவி என் காதோடு. "சொன்ன பேச்சு கேக்குறா." சொல்லும்போது அவள் குரல் கம்மிவிட்டது. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, பாவம். எதிரில் பொம்மைக்காரியின் முகம் மலர்ந்திருந்தது. அந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக அவள் பல்லைப் பார்த்தேன்.

எனக்கு மட்டும் மனசு சமாதானமாகவில்லை. எப்போதும் கடகடவென்று சத்தம் போடுகிற பழைய கார் திடீரென்று அமைதியாக ஓடினால், நான் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன். அந்தப் பெண்ணின் நெற்றியில், அவ்வளவு ஏசியிலும், வியர்வை பூத்திருந்தது. "என்னடா கண்ணு, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் மாமா" என்றாள். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள், உடம்பை அசைக்கவில்லை.

அப்போதுதான் போட்டோ எடுப்பவர் வந்தார். "பாப்பா அப்பா மடியில உட்காரட்டும்" என்றார். வக்கீல் எழுந்து மெதுவாகப் போய் மடியில் உட்கார்ந்தாள். மைத்துனன் பாசத்தோடு இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, தன் மார்போடு இறுக்கிச் சேர்த்தான்.

"ஆ!" என்று கத்தினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவன் கட்டைவிரலில் ரத்தம் முத்தாக நின்றது.

"அப்பா, கத்தாதீங்க" என்றாள் வக்கீல், உதடு அசையாமல்.

என் மனைவி அவளை இறக்கித் திருப்பினாள். ரிப்பனைத் தூக்கிப் பார்த்தாள். நிற்கும்போது துணியோடு படிந்திருந்த ஊசிகள், உட்கார்ந்ததும் துணி இழுபட்டு உள்பக்கம் திரும்பிவிட்டிருக்கின்றன. உள்துணியில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. என் மனைவி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடினோம்.

மண்டபத்துக்கு வெளியே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில், பொம்மைக்காரி தரையில் மண்டியிட்டு ஊசிகளைப் பிடுங்கினாள். பேயறைந்த முகம். கை மட்டும் நடுங்காமல் வேலை செய்தது. பிடுங்கிய ஊசியைப் பழக்கதோஷத்தில் உதட்டிலேயே வைத்துக்கொண்டாள். என் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"இவ என்ன உங்க கடைப் பொம்மையா? குத்தினா வலிக்காதா? ஊரார் பார்த்து மெச்சணும்னு பிள்ளை முதுகையே கிழிச்சுட்டியே! எதுக்கு இப்படி கல்லு மாதிரி இருக்க? வாயத் திறந்து பதில் சொல்லேன்!"

வாய் நிறைய ஊசி. அவள் எப்படிப் பதில் சொல்வாள்? கண்ணீர் மட்டும் தாடையில் வழிந்து சொட்டியது.

"சித்திய திட்டாதீங்க அத்தை" என்றாள் வக்கீல். "நான்தான் சொல்லல."

"ஏண்டி சொல்லல? உனக்கா வாயில்ல?"

"குத்துதுன்னு சொன்னா நீங்க சித்திய திட்டுவீங்க. அப்புறம் எங்கள அப்பா வீட்டுக்கு அனுப்ப மாட்டீங்க. நேத்து நீங்கதானே சொன்னீங்க, ஒழுங்கா பார்த்துக்கிட்டாதான் அனுப்புவேன்னு."

என் மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"வலிக்கலையாடி?" என்று கேட்டாள்.

"வலிச்சுது. நேரா உக்காந்தா கொஞ்சமாத்தான் வலிச்சுது."

"என்கூட இருக்க உனக்குப் பிடிக்கலையா?"

இதற்குப் பதில் சொல்ல வக்கீலுக்கே நேரம் பிடித்தது. "பிடிக்கும் அத்தை. ரொம்பப் பிடிக்கும். ஆனா தினமும் அப்பா வேணும். சித்தியும் வேணும்."

கடைசி ஊசியும் வந்துவிட்டது. பொம்மைக்காரி எல்லாவற்றையும் உள்ளங்கையில் துப்பினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நீங்க சொல்றதுதான் சரி அண்ணி. எத்தனையோ வருஷமா பொம்மைக்கே போட்டுப் போட்டு எனக்குப் பழகிப்போச்சு. பொம்மை உக்காராது. பிள்ளைன்னா உக்காரும்னு எனக்குத் தோணவே இல்ல. இதுகூடத் தெரியாதவ என்னத்தப் பார்த்துக்கப் போறேன்? இவங்க உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவு நேரம் குண்டூசிக்கு அழாத பெண், இதைக் கேட்டதும் ஓவென்று அழுதாள். "நான் அழாம இருந்தேனே, நான் அழவே இல்லையே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மைத்துனன் விரலைச் சூப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

என் மனைவி எழுந்தாள். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பிள்ளையைச் சுற்றிப் போர்த்தினாள்.

"போதும், அழாத. நீயும்தான்" என்றாள் பொம்மைக்காரியைப் பார்த்து. "சின்னவனுக்குக் குதிகால்ல ஒரு தழும்பு இருக்கு, பார்த்திருக்கியா? சுடுதண்ணின்னு தெரியாம ஊத்தினவ நான். எவளும் கத்துக்கிட்டு வந்து பிள்ளை வளர்க்கல. ஊருக்குப் போனதும் இவங்க சாமானெல்லாம் கட்டி வைக்கிறேன். வந்து எடுத்துக்கோ."

விருந்து எங்களுக்கு அதோடு முடிந்தது. கவுனை உருவிவிட்டு வக்கீலைச் சால்வையோடு தூக்கிக்கொண்டு அவர்கள் அறைக்குப் போனோம். காயத்துக்கு மருந்து போட்டாள் என் மனைவி. பக்கத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றாள் பொம்மைக்காரி. பிள்ளைகள் இருவரும் மருந்து வாசனையில் தூங்கிப்போனார்கள். நான் வாசலுக்கு வந்து காத்திருந்தேன். என் மனைவிக்கு அந்த அறையைவிட்டு வரவே முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"பெரியவ தூங்கும்போது ஒரு கால் போர்வைக்கு வெளிய இருக்கணும். மூடிட்டா எழுந்துடுவா. சின்னவனுக்கு மாத்திரைய பொடி பண்ணாத, துப்பிடுவான். முழுசா கொடு, முழுங்கிடுவான். இடி இடிச்சா ரெண்டும் உன்மேல வந்து ஏறிக்கும், திட்டாத."

"சரி அண்ணி" என்றாள் அவள் ஒவ்வொன்றுக்கும். 'ம்ம்' என்று சொல்லவில்லை.

எங்கள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினோம். என் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஏதோ நல்ல சேதி சொல்கிறவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"ஏங்க, இனிமே நம்ம வீட்ல காரமா சமைக்கலாம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது.

"சமைக்கலாம்" என்றேன் நான்.